பொன்னெழுத்தும் பென்சில் எழுத்தும்

ஒரு பொருள் அழகாயிருக்கிறது என்று நாம் சொல்லும்போது, அவ்வழகை ஆக்கியவர் யார், அதற்காக வருந்தியவர் யார் என்பதையும் கேட்க வேண்டுமா? அல்லது அழகு அழகே, அதன் பிறப்பை ஆராய்வது வீண் என்று விட்டுவிடலாமா? இவ்வினா சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் நம் வீடுகளில், கோயில்களில், கடைத்தெருவில் நாள்தோறும் விடை கேட்டு நிற்கும் வினா இஃதே. இதனை ஒரு பழைய பியானோவை முன்னிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சில மாதங்களுக்கு முன் ஈப்போவின் பழைய நகரப் பகுதியில் ஒரு பழம்பொருட்கடைக்குச் சென்றிருந்தேன். உடன் என் அத்தையும் வந்திருந்தார். அவர் இளமையில் கிந்தாப் பகுதியிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில், துரை பங்களாவில் எடுபிடி வேலை செய்தவர். கடையின் மூலையில் சுவரோடு ஒட்டி நிற்கும் பழைய பியானோ ஒன்று இருந்தது. முகப்பில் வால்நட் மரத்தின் ரேகைகள், விரித்த புத்தகத்தின் இரு பக்கங்கள்போல் ஒன்றையொன்று ஒத்து விளங்கின. நடுவே துளைவேலை செய்த பலகை. அதன் பின்னே நிறம் மங்கிய பட்டுத்துணி. இருபுறமும் பித்தளையாலான மெழுகுதிரித் தாங்கிகள். மூடியைத் திறந்தால் செய்த நிறுவனத்தின் பெயர் பொன்னெழுத்துக்களில் ஒளிர்ந்தது. கடைக்காரர், கட்டைகள் அனைத்தும் உண்மையான யானைத் தந்தம் என்று பெருமையோடு கூறினார்.

அத்தை அதனை நெடுநேரம் பார்த்தார். பின், "தம்பி, இது போன்ற பெட்டியை ஐந்து வருஷம் துடைத்தேன். மேலே, கீழே, கால், மூலை, எல்லாம் துடைத்தேன். இந்த வெள்ளைக் கட்டையை மட்டும் மூடியைத் திறந்து தொட்டதில்லை. தொடக் கூடாது என்று உத்தரவு" என்றார். கடைக்காரரின் பெருமையும் அத்தையின் இச்சொல்லும் ஒருங்கே என் நெஞ்சில் தங்கின.

பியானோ என்னும் கருவியின் வரலாற்றை முதற்கண் சுருக்கமாகக் காண்போம். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மெடிச்சி அரசகுடும்பத்திடம் பணிபுரிந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்னும் கைவினைஞர், 1700ஆம் ஆண்டையொட்டி இதனை உருவாக்கினார். அதற்கு முன்னிருந்த ஹார்ப்சிகார்டு தந்தியைச் சுண்டி ஒலிப்பது. விரலை மெல்ல வைத்தாலும் வலிய வைத்தாலும் ஓசையின் அளவு ஏறத்தாழ ஒன்றே. கிறிஸ்தோபோரியோ சிறு சுத்தியால் தந்தியைத் தட்டி, தட்டியவுடன் சுத்தி விலகிக்கொள்ளும் பொறியை அமைத்தார். அதனால் மெல்லோசையும் வல்லோசையும் விரலின் ஆணைக்கு அடங்கின. அவர் கையால் செய்தவற்றுள் மூன்று கருவிகள் இன்றும் எஞ்சியுள்ளன. அவற்றுள் 1720ஆம் ஆண்டினது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் புறத்தோற்றம் மிக எளியது. உலகிசையின் போக்கையே மாற்றிய கருவி, ஆடம்பரம் யாதுமின்றிப் பிறந்தது என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

பின்னரே அலங்காரம் பெருகிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பியானோ இசைக்கருவியாக மட்டும் இருக்கவில்லை. வீட்டின் செல்வநிலையைப் பறைசாற்றும் மேசையாகவும் ஆயிற்று. வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத வீட்டிலும் அது கூடத்தில் நின்றது. கால்கள் பருத்தன, சிங்கப் பாதங்களும் இலைக்கொத்துக்களும் ஏறின. இதனைக் கண்டு வெறுத்த ஓவியர் எட்வர்டு பர்ன்-ஜோன்ஸ், பருத்த கால்களை நீக்கி எளிய தாங்கிமேல் கருவியை நிறுத்தி, 1880ஆம் ஆண்டையொட்டி, பிராட்வுட் நிறுவனத்தின் பியானோ ஒன்றின் பக்கங்களில் ஆர்பியஸின் கதையைத் தீட்டினார். மற்றொரு புறம் ஓவியர் அல்மா-தடீமா, ஹென்றி மார்க்வண்டு என்னும் அமெரிக்கச் செல்வருக்காக ஸ்டைன்வே பியானோ ஒன்றுக்குக் கருங்காலியும் தந்தமும் முத்துச்சிப்பியும் பதித்த கூடு வகுத்தார். 1887இல் முடிந்த அக்கருவி, 1997இல் ஏலத்தில் 12 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அத்தொகையின் பெரும்பகுதி ஓசைக்குக் கொடுத்ததன்று, மேலுள்ள வேலைப்பாட்டுக்குக் கொடுத்தது என்று கூறவும் வேண்டுமோ?

ஆகவே கடுமையான சீர்திருத்தக்காரர் ஒருவர் இங்கே எழுந்து, "அலங்காரம் முழுதும் வீண். பாட்டுக்குக் கருவி போதும், கருவிக்குப் பூவேலை எதற்கு? அப்பணத்தில் எத்தனை ஏழைப் பிள்ளைகள் படிப்பார்கள்!" என்று கேட்கக்கூடும். இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் முழு நியாயம் இல்லை என்பது என் கருத்து.

நம் தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்து குடமும் தண்டும் செய்யும் ஆசாரி, தண்டின் முனையில் யாளி முகத்தைச் செதுக்குகிறார். யாளி இல்லாவிடினும் தந்தி ஒலிக்கும். ஆயினும் அதனை அவர் விடுவதில்லை. வீணை வரை போக வேண்டுமா? தோட்டத்து லயங்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் போக வேண்டிய பெண், அதற்கும் முன்னே எழுந்து, பத்தடி வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாள். அவளுக்குச் செல்வம் இல்லை, ஓய்வும் இல்லை. அவள் யாருக்குப் பெருமை காட்டினாள்? வாழும் இடத்தை அழகாக்கிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை வயிறு நிறைந்தவருக்கு மட்டும் உரியதன்று. அதனை ஏழையிடமிருந்து பறித்துவிட்டு, "உனக்குச் சோறு போதும்" என்று சொல்வது சீர்திருத்தம் ஆகாது. அஃது இன்னொரு வகைத் துரைத்தனம்.

அங்ஙனமாயின் குற்றம் எங்கே இருக்கிறது? பழைய பியானோவையே மீண்டும் நோக்குவோம்.

முதலாவது பொய். கருவியின் கறுப்புக் கட்டைகள் கருங்காலி மரத்தாலானவை என்று பலரும் எண்ணுவர். நல்ல கருவிகளில் அவ்வாறே. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வறண்ட காடுகளில் வளர்ந்த கருங்காலி, மேனாட்டுத் தச்சர்களிடம் பெயர்பெற்றது. ஆனால் மலிவான கருவிகளில் பேரிக்காய் மரம் போன்றவற்றுக்குச் சாயமேற்றிக் கருங்காலிபோல் காட்டினர். சாயம் பூசுவது பாவமன்று. சாயத்தைக் கருங்காலி என்று விற்பதே பாவம். முகப்பிலுள்ள வால்நட் தகட்டைப் பற்றியும் இவ்வாறே கூற வேண்டும். உள்ளே மலிவான மரம், மேலே மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிய உயர்ந்த மரத்தகடு. இதனைக் கண்டவுடன் ஏமாற்று என்று சிலர் இகழ்வர். உண்மையில் மரத்தை அத்துணை மெலிதாக அறுத்து, ரேகைக்கு ரேகை பொருத்தி, வச்சிரம் காய்ச்சி, குமிழ் எழாமல் ஒட்டுவது அரிய தொழில். கிடைத்தற்கரிய மரத்தைச் சிக்கனமாகப் பலருக்குப் பயன்படுத்தும் வழியும் அதுவே. ஆகவே மெல்லிய தோல் பொய்யாகாது. உள்ளிருப்பதை மறைத்து விலை கூறும் வாயே பொய்.

இரண்டாவது கொடுமை. கடைக்காரர் பெருமையோடு காட்டிய தந்தம் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டில் யானைகளைக் கொன்றெடுத்த தந்தத்தை மனிதர் தோளில் சுமந்து கடற்கரைக்குக் கொணர்ந்தனர். சுமந்தோருள் அடிமைகள் பலர். ஸான்ஸிபார்த் தீவு அவ்வாணிகத்தின் பெருஞ்சந்தை. அங்கே அடிமைச் சந்தை மூடப்பட்டது 1873இல். அத்தந்த வாணிகத்தில் நம் இந்திய வணிகரும் பங்கு கொண்டனர் என்பதை மறைக்கலாகாது. குற்றத்தை எப்போதும் வெள்ளையர் தலையிலேயே ஏற்றிவிட்டு நாம் கைகழுவ முடியாது. அங்கிருந்து கப்பலேறிய தந்தம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துச் சிற்றூர்களில் மெல்லிய தகடுகளாக அறுக்கப்பட்டு, கண்ணாடிக் கூரையின் கீழ் வெயிலில் வைத்து வெளுக்கப்பட்டது. ஒரு பியானோவில் வெள்ளைக் கட்டைகள் 52. சீமாட்டியின் விரல் வழுக்காமலும் வியர்வையில் ஒட்டாமலும் இருப்பதற்காக ஒரு யானையும், பெயர் தெரியாத சுமைகாரர்களும் விலை கொடுத்தனர். அந்த வெண்மையைத் தூய்மை என்று அழைக்க நம் நாக்கு எழுமா?

மூன்றாவது மறதி. பொய்யும் கொடுமையும் கண்ணுக்குத் தெரியும் குற்றங்கள். மறதியோ குற்றம் என்றே நமக்குத் தோன்றுவதில்லை. பியானோவின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளப்பதற்கு அவலரக்கைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் நாள்கணக்கில் தேய்த்தனர். அவ்வரக்கு எங்கே விளைந்தது? இந்தியாவின் சோட்டாநாக்பூர் போன்ற காட்டுப்பகுதிகளில், மரக்கிளைகளில் சிறு பூச்சிகள் சுரந்ததைக் காட்டுமக்கள் சுரண்டிச் சேர்த்தனர். அஃது இலண்டன் சென்று பியானோவின் மெருகாகி, மீண்டும் கப்பலேறி மலாயா வந்து, தோட்டத்துப் பங்களாவில் நின்றது. அதனை நாள்தோறும் துடைத்தவளும் இந்திய வழிவந்த ஒரு தமிழ்ச் சிறுமி. தன் மூதாதையர் நாட்டு மரத்தின் அரக்கையே துடைக்கிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. துரைக்கும் தெரிந்திராது.

இனி மற்றொரு செய்தி. பிராட்வுட் போன்ற நிறுவனங்களின் பழங்கருவிகளைப் பழுதுபார்க்கத் திறந்தோர், உள்ளே வேலையாட்களின் பெயர்கள் எழுதப்பட்டும் முத்திரையிடப்பட்டும் இருக்கக் கண்டுள்ளனர். ஈப்போக் கடையிலும், அக்கருவியின் முதற்கட்டையைக் கடைக்காரர் கழற்றிக் காட்டியபோது, அதன் பக்கவாட்டில் பென்சிலால் கிறுக்கிய ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் தெரிந்தன. வெளியே பொன்னில் முதலாளியின் பெயர். உள்ளே இருளில் தொழிலாளியின் குறி. அவன் அதனை எதற்காக எழுதினான்? கணக்குக்காக இருக்கலாம். ஆயினும் தன் கைவேலையில் தன் குறியை விட்டுச்செல்லும் விருப்பமும் அதிலே கலந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கருவியின் உண்மையான வேலையும் அவ்விருளில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 230 தந்திகள் சேர்ந்து இழுக்கும் பலம் சுமார் 18 முதல் 20 டன் வரை. அதனைத் தாங்குவது உள்ளேயுள்ள வார்ப்பிரும்புச் சட்டம். ஓசையைப் பெருக்குவது ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு மரத்தாலான ஒலிப்பலகை. அதன் கனம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இவ்விரண்டையும் விருந்தினர் காண்பதில்லை. காண்பது பூவேலையை மட்டுமே. தாங்குவோர் உள்ளேயும் தோன்றுவோர் வெளியேயும் இருக்கும் இந்த ஏற்பாடு பியானோவுக்கு மட்டும் உரியதா என்பதை வாசகரே சிந்திக்கட்டும்.

பேராக்கிலே இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டுவதில்லை. பத்து காஜாவுக்கு அருகில் கெல்லி மாளிகை நிற்கிறது. 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, இருபதாம் வயதில் மலாயா வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் கட்டத் தொடங்கிய மாளிகை அது. 1926இல் அவர் லிஸ்பனில் இறக்க, வேலை முற்றுப்பெறாது நின்றுவிட்டது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டியோரில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர். கட்டட வேலையின்போது கொடிய நோய் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர் என்றும், எஞ்சியோர் வேண்டிக்கொண்டபடி கெல்லி மாரியம்மன் கோயில் ஒன்றை எழுப்பித் தந்தார் என்றும் அவ்விடத்து வரலாறு கூறும். மாளிகைக்குச் சிறிது தொலைவிலுள்ள அக்கோயிலின் மேற்கட்டில், சுதைத் தெய்வங்களோடு, தொப்பியணிந்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்றும் நிற்பதை இன்றும் காணலாம். தமிழ்க் கைவினைஞர் நன்றி மறவாது துரையின் உருவத்தைத் தம் கோயிலின் அலங்காரத்திலே சேர்த்தனர். துரையின் மாளிகையிலோ, அதனைக் கட்டி மாண்டவர் உருவம் எதனையும் நாம் காணவில்லை. இரு கட்டடங்களிலும் அலங்காரம் உண்டு. எந்த அலங்காரத்தில் நினைவு இருந்தது, எதில் இல்லை என்பதைப் பார்த்தால், நாம் தேடும் வேறுபாடு புலனாகும்.

இவ்வளவும் சொன்ன பின், அலங்காரத்திலே நேர்மையானது ஒன்று உண்டா என்று கேட்கலாம். உண்டு. வெப்பநாடுகளுக்கென்று செய்யப்பட்ட பியானோக்களைப் பாருங்கள். நம் பேராக்கின் ஈரக்காற்றில் வச்சிரம் இளகும்; ஒட்டிய தகடு உரியும்; தந்தம் கழன்று விழும்; கரையானும் வரும். ஈரத்தைப் போக்கக் கருவியினுள் மின்விளக்கு ஒன்றை எரியவிடும் வழக்கமும் இருந்தது. ஆகவே ஏற்றுமதிக் கருவிகளில், ஒட்டுக்களை வச்சிரத்தை மட்டும் நம்பி விடாமல், பித்தளைத் திருகாணிகளாலும் பட்டைகளாலும் இறுக்கினர். சிலவற்றில் தந்தத் தகடுகளுக்கும் சிறு பித்தளை ஆணி அடித்தனர். ஷாங்காயில் மூட்ரி நிறுவனத்தார் தேக்கு மரத்தாலேயே கருவிகள் செய்தனர். தேய்த்த பித்தளைத் தலைகள் வரிசையாக மரத்தின்மேல் மின்னும்போது, அஃது ஓர் அழகாகவே தோன்றுகிறது. ஆனால் அவ்வழகு எதனையும் மறைப்பதில்லை. "இங்கே மூட்டு இருக்கிறது, இதனை இது தாங்குகிறது" என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

இவ்விடத்தில் நம் பால்வெட்டுத் தொழிலாளியின் நினைவு எனக்கு எழுகிறது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளோடு தொடங்கிய தொழில் அது. பால்வெட்டுக் கத்தி ஒவ்வொரு முறையும் சீவி எடுக்க வேண்டிய பட்டையின் கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். வெட்டு மிக ஆழ்ந்தால் மரம் காயப்படும். குறைந்தால் பால் வராது. அரையிருளில், கொசுக்கடியில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அந்தக் கோட்டை ஒரே சாய்வாக இழுத்துச் செல்வது, வால்நட் தகட்டை அறுக்கும் இலண்டன் தச்சனின் கைத்திறனுக்குக் குறைந்ததா? அத்தச்சனை உலகம் கைவினைஞன் என்றது. நம்மவரைக் கூலி என்றது. இருவர் கையும் ஒரே நுட்பம் அறிந்தவை. அவன் குறியாவது கட்டையின் பக்கத்தில் எஞ்சியது. இவர்கள் இழுத்த கோடுகளோ, மரம் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டபோது மண்ணோடு போயின.

ஆகவே முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். துன்பத்திற் பிறந்த அழகை நாம் என்ன செய்வது? உடைத்தெறிவதா? பழைய பியானோவை எரித்தால் செத்த யானை எழுந்து வராது. சுமைகாரனின் தோள்வலி தீராது. அவன் பட்ட பாட்டுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சாட்சியும் சாம்பலாகும். அன்றி, பழையது என்பதனால் கண்ணை மூடிக்கொண்டு போற்றுவதா? அதுவும் தகாது. இனி ஒரு யானையும் இதற்காகச் சாகலாகாது என்று உலக நாடுகள் 1989இல் கூடி முடிவு செய்து, 1990 முதல் ஆப்பிரிக்கத் தந்தத்தின் பன்னாட்டு வாணிகத்தைத் தடுத்தன. தஞ்சாவூர் வீணையிலும் தந்தம் இருந்த இடத்தில் இன்று பிளாஸ்டிக் பதிக்கின்றனர். நாதம் அதனாற் கெடவில்லை. ஆக, கொடுமையை நிறுத்தினால் இசை நின்றுவிடும் என்று அஞ்சியோர் அச்சம் வீண் என்பது தெளிவாயிற்று.

பழைய கருவிகளைப் பொறுத்தவரை நம் கடமை மூன்று என்பேன். ஒன்று, அவற்றைக் காப்பது. இரண்டு, அவற்றின் கதையை முழுதும் சொல்வது. பொன்னெழுத்தை மட்டும் படிக்காமல் பென்சில் எழுத்தையும் படிப்பது. மூன்று, அவற்றைக் கண்ணாடிக்குள் அடைக்காமல், முன்பு தொடக் கூடாதென்று தடுக்கப்பட்டவர்களின் கைக்கும் கொடுப்பது. மூன்றாவது இல்லாவிடில் முதலிரண்டும் அரைக்கடமையே. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து குடியேறிய நம் பிள்ளைகள் இன்று பியானோ கற்கின்றனர். அவர்கள் கற்பது பிறர் இசை என்று நாம் முகம் சுளிக்க வேண்டுவதில்லை. அரக்கும் கருங்காலியும் நம் நாட்டிலிருந்து சென்றன. கட்டையின்மேல் வைக்கும் விரல் மட்டுமா அயலானது?

அன்று கடையிலே, புறப்படும் வேளையில் நான் அத்தையிடம், "ஒருதரம் தட்டிப் பாருங்களேன்" என்றேன். அவர் முதலில் கடைக்காரரைப் பார்த்தார். உத்தரவு கேட்கும் பழக்கம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் கண்ணை விட்டு நீங்கவில்லை. கடைக்காரர் சிரித்துக்கொண்டு தலையசைத்தார். அத்தை முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு, நடுவிலிருந்த ஒரு வெள்ளைக் கட்டையை மெல்ல அழுத்தினார். சுருதி இறங்கிப்போயிருந்த கருவி. ஓசை சற்றே தளர்ந்து வந்தது. ஆயினும் வந்தது.

"இவ்வளவுதானா!" என்றார் அத்தை. பின் இன்னொரு கட்டையைத் தொட்டார்.